அனுபவம் என்ற தலைப்பின் கீழ் எழுத ஒன்றுமில்லை

2024 மார்ச் 9

கேள்வியை நேரடியாகக் கேட்கிறேன்: இதுவரை எங்கும் வேலை பார்த்திராத ஒரு மாணவி, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் தன்விபரக்கோவையில் "அனுபவம்" என்ற தலைப்பின் கீழ் என்ன எழுத வேண்டும்?

நான் கொழும்பில் கலைப்பீடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தமிழ் என் பாடங்களில் ஒன்று. இந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று மாத உள்ளகப் பயிற்சி ஒன்றைச் செய்ய வேண்டும், அதற்கான இடத்தையும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். நேற்று மாலை முழுவதும் கணனிக்கு முன்னால் அமர்ந்திருந்து நான் நிரப்பியவை இவை: முழுப் பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், நிரந்தர முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வயது, பால், இனம், சமயம், விவாக நிலை, தந்தையின் பெயர், கற்ற பாடசாலை, சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களின் பெறுபேறு, உயர்தரத்தில் மூன்று பாடங்களின் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி, மாவட்ட நிலை, உறவினரல்லாத இருவரின் விபரம், "மேலே தரப்பட்டவை யாவும் எனது அறிவுக்கெட்டிய வரையில் உண்மையானவை" என்ற உறுதிமொழி, கையொப்பத்துக்கு ஒரு புள்ளிக் கோடு.

இரண்டு பக்கங்கள் நிறைந்துவிட்டன. அச்சிட்டு வாசித்துப் பார்த்தேன். நான் செய்ததென்று அதில் இருப்பது இரண்டு பரீட்சைகள் எழுதியது மட்டுமே; மற்றவை பிறந்த காரணத்தால் எனக்கு வந்து சேர்ந்தவை. கலியாணத் தரகரிடம் கொடுக்கும் குறிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, சாதகக் கட்டம் இல்லாமை ஒன்றுதான். ஆகவே இந்த அமைப்பை முழுவதுமாகத் தூக்கி எறிய வேண்டும் என்பது என் கருத்து. எதிர்க்கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

2024 மார்ச் 10

இந்த அமைப்பு எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 இல் உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர், பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை ஏதேனும் வேலை செய்யலாம் என்று எண்ணி, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். போட்டோக் கொப்பி, தொலைபேசி மீள்நிரப்பல், லமினேட்டிங், தன்விபரக்கோவை எல்லாம் ஒரே மேசையில் நடக்கும் கடை. அங்கிருந்த அண்ணா என்னிடம் அடையாள அட்டையையும் பெறுபேற்றுத் தாளையும் வாங்கிக்கொண்டு, வேறொருவருடைய கோப்பைத் திறந்து, அதிலிருந்த பெயரை அழித்து என் பெயரை அடித்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது நான் ரோமன் கத்தோலிக்க சமயத்தவளாகவும், பாடசாலைக் கிரிக்கெட் அணியின் உபதலைவராகவும் இருந்தேன்.

சிரித்துவிட்டுத் திருத்தினேன், ஆனால் ஒன்றைத் திருத்த மறந்தேன். முதற் பக்கத்தின் உச்சியில் "ஒப்ஜெக்டிவ்" என்ற தலைப்பின் கீழ் ஒரு நீண்ட ஆங்கில வாக்கியம் இருந்தது. சவால் நிறைந்த சூழலில் என் ஆற்றல்களை முழுமையாகப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன் என்பது அதன் பொருள். மூன்று ஆண்டுகளாக அது என்னுடன் இருக்கிறது. போன வாரம் என் வகுப்பில் ஏழு பேருடைய தன்விபரக்கோவைகளை வாங்கிப் பார்த்தேன். ஐந்தில் அதே வாக்கியம், ஓர் எழுத்துப் பிழையுடன் கூட. அந்தக் கோப்பின் முதற் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், கொழும்பில் அதிகம் வாசிக்கப்பட்ட உரைநடையாளர்களில் அவரும் ஒருவர்.

2024 மார்ச் 17

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. என் முன்னைய குறிப்புகளுக்குப் பதிலாக ஒருவர், "வயதையும் பாலையும் நீக்கிவிட்டேன், அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். அந்த இலக்கத்துக்குள் இரண்டும் இருக்கின்றன. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பவை. பெண்ணாக இருந்தால் அந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். மார்ச் 1 ஆந் திகதி பிறந்த ஆணுக்கு 061 என்றும் பெண்ணுக்கு 561 என்றும் வரும். பழைய ஒன்பது இலக்க எண்ணும் இதே முறையில் அமைந்ததுதான். அங்கே ஆண்டுக்கு இரண்டு இலக்கங்கள் மட்டுமே.

ஆகவே அந்த இலக்கத்தை எழுதுபவர் தன் பிறந்த நாளையும் எழுதிவிடுகிறார். அதைவிட முக்கியமான கவலை எனக்கு வேறு: பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகிய நான்கும் ஒரே தாளில் இருக்க, அந்தத் தாளை முன்பின் தெரியாத 30 மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்புகிறோம். வேலைக்கு எடுத்த பிறகு நிறுவனம் அதைக் கேட்கட்டும். நான் நீக்கிவிட்டேன்.

2024 மார்ச் 18

மார்ச் 1 என்பது சாதாரண ஆண்டில் 60 ஆவது நாள்தானே என்று ஒருவர் பிடித்துவிட்டார். நாட்காட்டியின்படி அவர் சொல்வது சரி. ஆனால் அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள். நான் விடியற்காலையில் எழுதினாலும் கூட்டல் தெரியும்.

2024 ஏப்ரல் 2

முதற் குறிப்பில், "முழுவதுமாகத் தூக்கி எறிய வேண்டும்" என்று எழுதியதை மீளப் பெறுகிறேன். பாதியை மட்டும்.

தந்தையார் தினமும் கொண்டுவரும் பத்திரிகைகளுடன், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரச வர்த்தமானியையும் கடந்த இரு வாரங்களாகப் பார்த்து வருகிறேன். அங்கே பதவி வெற்றிடங்களுக்கான அறிவித்தல்களில் மாதிரி விண்ணப்பப் படிவம் கூடவே அச்சிடப்பட்டிருக்கும். முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பெயர்கள், அடையாள அட்டை இலக்கம், விவாக நிலை, பிறந்த திகதி, இறுதித் திகதியன்று வயது எத்தனை ஆண்டு எத்தனை மாதம் எத்தனை நாள், இறுதியில் உறுதிமொழியும் கையொப்பமும். நான் கேலி செய்த அமைப்பு அப்படியே அங்கே இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு: வயதெல்லை இருக்கும் பதவிக்கு வயதைக் கேட்காமல் இருக்க முடியாது, பொய் சொன்னால் பின்னர் நீக்குவதற்கு உறுதிமொழி வேண்டும். அரச சேவைக்கான அந்தப் படிவம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. பிழை எம்முடையது, அந்தப் படிவத்தை எடுத்து, விளம்பர நிறுவனத்துக்கும் வங்கிக்கும் மென்பொருள் கொம்பனிக்கும் அனுப்புகிறோம். இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்கக் கூடாது.

அந்த அறிவித்தல்களில் இன்னொரு வாக்கியம் தவறாமல் வரும்: விண்ணப்பிக்கும் பதவியின் பெயரைக் கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் குறிப்பிட வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அம்மா தன் காலத்தில் அப்படி எத்தனையோ உறைகள் எழுதியதாகச் சொல்கிறார். மின்னஞ்சலின் விடயத் தலைப்பு என்பது அந்த இடது மேல் மூலைதான். அதை வெறுமையாக விட்டு, "சீவி" என்று இரண்டு எழுத்துக் கோப்புப் பெயருடன் அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பக்கத்தில் இருப்பவரின் கணனியில் அதே பெயரில் எத்தனை கோப்புகள் குவிந்திருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

2024 ஏப்ரல் 20

புத்தாண்டு விடுமுறையில் உறவினரல்லாத இருவரைத் தேடினேன்.

கொழும்பில் தமிழர் நெருங்கி வாழும் எங்கள் வெள்ளவத்தையில் இது இலகுவான காரியமன்று. பக்கத்து வீட்டில் இருப்பவர் மாமா; அவருடைய மருமகன் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையை மணந்தவர்; மருந்துக் கடைக்காரர் எங்கள் ஊர்; சமாதான நீதவான் ஒருவர் இருக்கிறார், அவர் தாத்தாவுடன் படித்தவர், அதனால் அவரும் தாத்தா. உறவினரல்லாதவர் என்று ஒருவரை எழுதிக் கொடுத்தால் அடுத்த கலியாண வீட்டில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

வேடிக்கையை விட்டுவிடுவோம். நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெப்ரவரியில் அனுப்பிய ஒரு விண்ணப்பத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவருடைய பெயரையும் கைத்தொலைபேசி இலக்கத்தையும் அவரிடம் கேளாமலே எழுதியிருந்தேன். எல்லோரும் அவருடைய பெயரைத்தான் எழுதுகிறார்கள் என்பதால் கேட்கத் தோன்றவில்லை. ஒரு நிறுவனத்திலிருந்து அவரை அழைத்திருக்கிறார்கள். அவர் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையில் இருந்தபோது வந்த அழைப்பு அது. "அந்தப் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், எவர் என்று தெரியவில்லை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பின்னர் என்னை அழைத்து அமைதியாகக் கேட்டார்: "உன்னைப் பற்றி நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீ நினைத்தாய்?" என்னிடம் பதில் இல்லை.

இப்போது செய்வது இது. ஒருவரிடம் அனுமதி கேட்கும்போது, எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன், அவருடைய எந்தப் பாடத்தில் என்ன செய்தேன் என்பதை நான்கு வரிகளில் எழுதிக் கொடுக்கிறேன். அவர் மறுத்தாலும் நல்லதுதான். தயங்கியபடி சம்மதிப்பவரைவிடத் தெளிவாக மறுப்பவர் எவ்வளவோ உதவியானவர்.

2024 மே 11

ஒரு பதில் வந்தது. அப்பாவுக்கு.

எம் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் தந்தையின் பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலும் இருக்கின்றன. இணையப் படிவத்தில் முதற் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலில் இருப்பது முதற் பெயர், கடைசியில் இருப்பது கடைசிப் பெயர் என்று ஒழுங்கு மாறாமல் நிரப்பினேன். இதன் பயனாக, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் 28 ஆண்டுகளாகக் கணக்கெழுதும் என் தந்தையாரை, "அன்புள்ள திரு" என்று விளித்து, பயிலுனர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருக்கிறார்கள். "போயிட்டு வரட்டே பிள்ளை?" என்று கேட்டார்.

போனது நான்தான். வரவேற்பு மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் பட்டியலைப் பார்த்தார். அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கும் பெயருக்கும் தொடர்பில்லை. இப்போது தன்விபரக்கோவையின் உச்சியில் என் பெயரை முதலிலும் தந்தையின் பெயரைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். சான்றிதழ்களில் ஒழுங்கு வேறாக இருப்பதால், கீழே சிறிய எழுத்தில் சான்றிதழ்களில் உள்ளபடியான பெயரையும் சேர்த்திருக்கிறேன். இதற்கு இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

2024 மே 12

அந்த நேர்முகப் பரீட்சையில் நடந்ததை நேற்று எழுத மனம் வரவில்லை.

மொழிகள் என்ற இடத்தில், "சிங்களம்: சரளம்" என்று எழுதியிருந்தேன். பஸ்ஸில் நடத்துநருடன் மிச்சக் காசுக்கு வாதாடவும், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் அலுவல் பார்க்கவும் எனக்குச் சிங்களம் போதும். அங்கே ஒருவர் ஒரு சிங்களக் கடிதத்தை முன்னால் வைத்து, மூன்று வரிகளில் சுருக்கி எழுதும்படி சொன்னார். வாசிக்கத் தொடங்கிய இரண்டாவது வரியில் நின்றேன். பேச்சுச் சிங்களத்துக்கும் எழுத்துச் சிங்களத்துக்கும் இடையிலுள்ள தூரம், எம் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தைப் போன்றதே என்பது எனக்குத் தெரியாததன்று. தாளில் எழுதும்போது மட்டும் மறந்து போயிற்று.

இப்போது பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன். சிங்களத்தில் பேச்சு நன்று, வாசிப்பு மெதுவாக, எழுத்து அடிப்படை நிலை. இதை எழுதும்போது கை கூசியது. ஆனால் இன்னொரு முறை அந்தக் கடிதத்தின் முன்னால் அமர்வதைவிட இது மேல்.

2024 மே 13

ஒரு நண்பி கேட்டதால் திரும்பிப் பார்த்தேன். மொழிகள் பட்டியலில் தமிழ் இல்லை. ஆங்கிலமும் சிங்களமும் மட்டும் இருக்கின்றன. தமிழைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படிக்கிறவள் அதைத் திறமையாக எண்ணவே இல்லை. சேர்த்துவிட்டேன்.

2024 மே 24

வெசாக் விடுமுறை. தெருவெல்லாம் விளக்குக் கூடுகள், வெளியே போகவும் வழியில்லை. ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

தன்விபரக்கோவையைவிட விண்ணப்பக் கடிதம் எனக்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம் என்ன என்று யோசித்தேன். தன்விபரக்கோவையில் நான் பேசுவதில்லை. தலைப்புகளும் திகதிகளும் பேசுகின்றன. கடிதத்தில் "நான்" என்று தொடங்கி என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும். தன்னைத் தானே புகழ்வது கூடாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். பாடசாலை மேடையில் பேச ஏறினால் முதல் இரண்டு நிமிடம் அவையடக்கம்; பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும் என்ற வேண்டுதல் இல்லாமல் ஒரு பேச்சையும் நான் தொடங்கியதில்லை. அதே பழக்கம் கடிதத்துக்குள் வந்து, "எனக்கு அனுபவம் இல்லாவிட்டாலும்" என்று முதல் வாக்கியத்திலேயே குனிந்து நிற்கிறது.

இரண்டாம் ஆண்டில் நன்னூல் பாயிரம் படித்தோம். பரீட்சைக்கு மனனம் செய்து, எழுதிவிட்டு மறந்த பகுதி. நேற்று வேறொன்றைத் தேடும்போது கண்ணில் பட்டது. எத்தனை துறைகளில் வல்லவராக இருந்தாலும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்வது தகுதியன்று என்று ஒரு சூத்திரம் சொல்கிறது. அடுத்த சூத்திரம் விலக்குகளைத் தருகிறது. நான்கு இடங்களில் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்வது தகும்: அரசனுடைய அவைக்கு ஓலைப் பாடல் அனுப்பும்போது, தம் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிரி தம்மைப் பழிக்கும்போது.

முதலாவது விலக்கைப் பாருங்கள். நேரில் அறிமுகமில்லாத ஒருவரிடம் ஆதரவு வேண்டி எழுதும் ஓலை. சீட்டுக்கவி என்று ஒரு வகையே இருந்தது. இரண்டாவது விலக்கும் எமக்குப் பொருந்துகிறது. மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு என் ஆற்றல் எப்படித் தெரியும்? ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னரே இலக்கண ஆசிரியர் அனுமதி கொடுத்துவிட்ட காரியத்துக்கு நான் ஏன் கூசுகிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

சிறிது நேரம் கழித்து ஒரு மாற்று எண்ணமும் வந்தது. அந்தச் சூத்திரம் புலவர்க்குச் சொன்னது. ஓலையிலிருந்த பாடலே அவருடைய திறமைக்குச் சான்று. பாட்டு நன்றாக இருந்தால் புகழ்ச்சி உண்மை என்று கையோடு தெரிந்துவிடும். என் கடிதத்தில், "நான் கடின உழைப்பாளி" என்ற வாக்கியத்துக்குச் சான்று எங்கே?

2024 ஜூன் 15

மே மாதத் தொடக்கத்திலிருந்து பல்கலைக்கழகங்களில் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் நடக்கிறது. பெறுபேற்று அறிக்கையைப் பெற வழியில்லை. விண்ணப்பத்தில், இரண்டாம் ஆண்டு முடிவிலான புள்ளிச் சராசரியைத் தந்து, உத்தியோகபூர்வ அறிக்கை வேலைநிறுத்தம் முடிந்ததும் சமர்ப்பிக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இந்த ஓய்வில் கடிதத்தை ஐந்து முறை எழுதினேன். முதலாவதும் ஐந்தாவதும் கீழே இருக்கின்றன; ஆங்கிலத்தில் எழுதியவற்றைத் தமிழில் தருகிறேன்.

முதலாவது: "தங்கள் மேன்மைமிகு நிறுவனத்தில் பயிலுனராக இணைந்து என் அறிவையும் திறமையையும் வளர்த்துக்கொள்ள வாய்ப்பளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு முன் அனுபவம் இல்லாவிட்டாலும் விரைவாகக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உண்டு. நான் கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக் கூடியவள்."

இதை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம். அதுதான் இதன் குறை. எனக்கு என்ன கிடைக்கும் என்று மூன்று வரிகள் பேசுகின்றன. அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது பற்றிப் பேச்சில்லை. நிறுவனத்தின் பெயர் கூட இல்லாமல் "மேன்மைமிகு" என்று ஒரு மாலை மட்டும் இருக்கிறது.

ஐந்தாவது: "மூன்று மொழிகளிலும் வினாக்கொத்துகளைத் தயாரிப்பதற்கு ஒரு பயிலுனர் தேவை என்று உங்கள் விளம்பரத்தில் கண்டேன். 2023 இல் எங்கள் தமிழ் மன்றத்தின் மலருக்காக, வெவ்வேறு எழுத்தாளர்கள் பாமினி எழுத்துருவில் அனுப்பிய 140 பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தின்போது சிதைந்த எழுத்துகளை வரி வரியாகத் திருத்தினேன். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் எட்டாந் தரப் பிள்ளைகள் ஆறு பேருக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். பிள்ளைக்குப் புரியாத வினாவை எப்படித் திருப்பிக் கேட்பது என்பதை அங்கே பழகினேன். உங்கள் தமிழ் வினாக்கொத்தின் ஒரு பக்கத்தை அனுப்பினால், திருத்தி அனுப்பத் தயாராக இருக்கிறேன்."

மலர் வேலையையும் சனிக்கிழமை வகுப்பையும் நான் அனுபவம் என்று எண்ணியதே இல்லை. முன்னது மன்றத்துக்குச் செய்த உதவி, பின்னது கைச்செலவுக்குச் செய்த ரியூசன். சம்பளச் சீட்டு இல்லாதது அனுபவமாகாது என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மார்ச் 9 ஆந் திகதிக் கேள்வியை நானே பிழையாகக் கேட்டிருந்தேன்.

பாமினி தெரியாத இளையவர்களுக்கு: அது யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இலங்கையில் அச்சகங்களும் பல அலுவலகங்களும் அதை இன்னும் விடவில்லை.

2024 ஜூன் 16

எழுத்துரு பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கன்வாவில் இரண்டு பத்தி வடிவில், புகைப்படமும் நட்சத்திரங்களுமாக ஒரு தன்விபரக்கோவை செய்திருந்தேன். எக்செல்லுக்கு நான்கு நட்சத்திரம், தலைமைத்துவத்துக்கு ஐந்து. பிடிஎப் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் தெரிவு செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தபோது, இடப் பத்தியின் வரிகளும் வலப் பத்தியின் வரிகளும் கலந்து, என் பாடசாலை என் பொழுதுபோக்குக்குள் புகுந்திருந்தது. நட்சத்திரங்கள் காணாமற் போயிருந்தன. மென்பொருள் கொண்டு விண்ணப்பங்களைப் பிரிக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்புவோர் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். நான் வேர்டில் ஒற்றைப் பத்திக்குத் திரும்பிவிட்டேன். ஒரு பக்கம்.

தலைமைத்துவத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் யார் என்று கேட்காதீர்கள்.

2024 ஜூலை 8

ஐந்தாவது கடிதம் போன இடத்திலிருந்து அழைத்தார்கள். கொழும்பு 7 இல் ஒரு சிறிய ஆய்வு நிறுவனம்.

நேர்முகப் பரீட்சை 40 நிமிடம். என் உயர்தரப் பெறுபேறு பற்றியோ இசட் புள்ளி பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. கடிதத்தின் கடைசி வரியைச் சுட்டி, "சரி, இதோ ஒரு பக்கம்" என்று தமிழ் வினாக்கொத்து ஒன்றைத் தந்தார்கள். மலையகத் தோட்டங்களில் கேட்பதற்கானது. "உங்கள் வீட்டில் எத்தனை அறைகள் உள்ளன?" என்பது நான்காவது வினா. லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் இருப்பவர்கள் தம் இருப்பிடத்தையே காம்பரா, அதாவது அறை, என்று சொல்வார்கள் என்றும், வீடு எது அறை எது என்பதில் பதிலளிப்பவர் குழம்பக் கூடும் என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை எனக்குக் கற்றுத் தந்தவள், விடுதியில் இருக்கும் ஹற்றன் நண்பி. அவள் இல்லாவிட்டால் நானும் அந்த வினாவில் குறையொன்றும் கண்டிருக்க மாட்டேன். அறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் அவளுக்குத்தான் அழைப்பெடுத்தேன்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. இந்த மாதம் 15 ஆந் திகதி தொடங்குகிறேன்.

2024 ஆகஸ்ட் 19

மற்றப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. அடுத்த பயிலுனர் இடத்துக்கு வந்த 63 விண்ணப்பங்களை அச்சிட்டு ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு வந்தது. தெரிவு செய்வது என் பொறுப்பன்று. என்னைக் கவனிக்கும் மேலதிகாரி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கும் விதத்தைக் கண்டேன். முதலில் கடிதத்தின் முதற் பத்தி. அதில் எங்கள் வேலையைப் பற்றி ஒன்றுமில்லையென்றால் அடுத்த தாள். இரக்கமற்றவர் அல்லர், 63 கடிதங்களை மதிய உணவுக்கு முன் முடிக்க வேண்டியவர்.

19 கடிதங்களில் வேறு நிறுவனங்களின் பெயர் இருந்தது அல்லது எந்தப் பெயரும் இல்லை. எட்டில் என் பழைய ஒப்ஜெக்டிவ் வாக்கியம், எழுத்துப் பிழை மாறாமல். அவற்றைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவற்றில் ஒன்றை எழுதியவர் தன் ஊரில் மூன்று ஆண்டுகளாகத் தேர்தல் இடாப்புக் கணக்கெடுப்புக்குக் கிராம உத்தியோகத்தருக்கு உதவியதை, இரண்டாம் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குகளுக்குக் கீழே, அரை வரியில் எழுதியிருந்தார். வீடு வீடாகப் போய் வினாக் கேட்டுப் பழகியவர். அதை மேலதிகாரியிடம் காட்டினேன். அழைப்பவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். எல்லா அரை வரிகளும் கண்ணில் பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 20

"அப்படியானால் அரசாங்கப் படிவத்துக்கும் கடிதம் இணைக்க வேண்டுமா?" என்று கேட்டவருக்கு: அறிவித்தலில் கேட்டால் மட்டும். கேளாத தாள்களை இணைக்காதீர்கள். ஏப்ரல் 2 ஆந் திகதிக் குறிப்பைப் பாருங்கள்.

2024 செப்டெம்பர் 6

முதற் கொடுப்பனவு காசோலையாக வந்தது. மே 11 ஆந் திகதிக் குறிப்பில், என் பெயரை முன்னால் வைத்துத் தந்தையின் பெயரைப் பின்னால் வைத்துள்ளேன் என்று பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா? கணக்காளர் அந்த ஒழுங்கைப் பார்த்து, பின்னால் இருப்பதே குடும்பப் பெயர் என்று கொண்டு, என் பெயரை ஒரு முதலெழுத்தாகச் சுருக்கி, அப்பாவின் பெயரை முழுமையாக எழுதிவிட்டார். என் வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் முதலெழுத்து, என் பெயர் முழுமை. வங்கியில் பெயர் பொருந்தவில்லை என்று காசோலையைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

அப்பா காசோலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நேர்முகப் பரீட்சைக்கு என்னைக் கூப்பிட்டவை, சம்பளமும் என்ர பேருக்குத்தானே போடுவினம்" என்றார். வேறு நிறுவனம் அப்பா, அது வேறு நிறுவனம் என்று சொன்னேன். திங்கட்கிழமை புதிய காசோலை எழுதித் தருவதாகக் கணக்காளர் சொல்லியிருக்கிறார்.